வெண்பனி விளையாட்டும் வெயில் நாட்டாரும்



தைப்பூசத்தன்று ஜார்ஜ் டவுனில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்துச் செல்வோரின் காலடியில் தார்ச்சாலை கொதிக்கும். சாலையின் இரு பக்கமும் தண்ணீர்ப் பந்தல்கள் இருக்கும். பெரிய பெரிய ஐஸ் கட்டிகளை உடைத்துப் பீப்பாயில் போட்டு, மோரும் சர்பத்தும் கலந்து வருவோர் போவோருக்கெல்லாம் கொடுப்பார்கள். அந்த ஐஸ் கட்டி அரை மணி நேரம் தாங்காது. நமக்கும் உறைந்த நீருக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான். இன்னும் சொன்னால், கடைக்காரர் துருவிக் கையால் உருட்டிச் சிவப்புப் பாகு ஊற்றித் தரும் ஐஸ் உருண்டையையும், ஐஸ் காச்சாங்கையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதே தை, மாசி மாதங்களில், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, உலகின் குளிர்ந்த பகுதி ஒன்றில் அந்த உறைந்த நீரின் மீதே ஒரு பெரும் விளையாட்டு விழா நடக்கிறது. அதன் பெயர் குளிர்கால ஒலிம்பிக். கோடைக்கால ஒலிம்பிக்கை நாம் அறிவோம். பூப்பந்து ஆட்டம் நடக்கும்போது தோட்டத்துக் கடைகளில் தொலைக்காட்சி முன்னால் எவ்வளவு கூட்டம் கூடுகிறது! குளிர்கால ஒலிம்பிக் என்றால் மட்டும், அது வெள்ளைக்காரர் விவகாரம் என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடுவதற்கு நியாயம் இருந்தது. இப்போது அந்த நியாயம் கொஞ்சம் தேய்ந்துவிட்டது. அது எப்படித் தேய்ந்தது என்பதே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு விளக்கம். பனி விளையாட்டுகளில் இரண்டு பெரும் வகைகள் உண்டு. வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து மலைச்சரிவில் படியும் வெண்பனியின் மேல், காலில் நீண்ட மட்டைகளைக் கட்டிக்கொண்டு சறுக்குவது ஒன்று. கண்ணாடிபோல் இறுகிய ஐஸ் தளத்தின் மேல், காலணிக்கு அடியில் கூரிய இரும்பு அலகு பூட்டிக்கொண்டு ஓடுவதும் நடனமாடுவதும் மற்றொன்று. முன்னதற்கு மலை வேண்டும், மழைபோல் பனி பெய்ய வேண்டும். பின்னதற்கு உறைந்த ஏரி ஒன்று போதும். ஏரி உறையாத ஊரில் என்ன செய்வது என்பதைப் பிறகு பார்ப்போம்.

நார்வே, சுவீடன் போன்ற வடநாட்டு மக்களுக்கு இது முதலில் விளையாட்டே அன்று. பனி மூடிய காட்டில் வேட்டைக்குப் போகவும் அடுத்த ஊருக்குச் செல்லவும் மட்டை கட்டிச் சறுக்குவதே அவர்களுக்கு வழி. ஆற்றோர மக்களுக்குத் தோணி எப்படியோ அப்படி. 1901ஆம் ஆண்டில் சுவீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமில் அவர்கள் தங்களுக்கென்று ஒரு விளையாட்டு விழாவைத் தொடங்கினார்கள். ஆகவே ஒலிம்பிக்கில் குளிர்கால விழா ஒன்று வேண்டும் என்று பேச்சு எழுந்தபோது எதிர்த்தவர்களும் அவர்களே. தங்கள் விழா மங்கிவிடும் என்று அஞ்சினார்கள்.

ஆயினும் 1908இல் லண்டன் ஒலிம்பிக்கிலேயே பனித்தள நடனம் ஓர் ஓரமாக நுழைந்துவிட்டது. பின்னர் 1924 ஜனவரி 25ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் சாமோனி என்னும் சிற்றூரில், 16 நாடுகளின் வீரர்கள் கூடினார்கள். அப்போது அதற்கு ஒலிம்பிக் என்று பெயரில்லை. 'அனைத்துலகக் குளிர்கால விளையாட்டு வாரம்' என்றே அழைத்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து, 1926இல்தான், நடந்து முடிந்த அந்த விழாவே முதலாவது குளிர்கால ஒலிம்பிக் என்று அறிவித்தார்கள். பிள்ளை பிறந்து நடை பழகிய பிறகு பெயர் சூட்டியதுபோல!

அந்த முதல் விழாவில் பெண்களுக்குப் பனித்தள நடனம் ஒன்றே அனுமதிக்கப்பட்டது. அதில் நார்வே நாட்டுச் சிறுமி ஒருத்தி ஆடினாள். பெயர் சோனியா ஹெனி. வயது பதினொன்று. எட்டுப் பேர் ஆடியதில் அவளுக்குக் கிடைத்தது எட்டாவது இடம். அதே சோனியா 1928, 1932, 1936 ஆகிய மூன்று விழாக்களிலும் தங்கப் பதக்கம் வென்றாள்.

சாமோனியில் நடந்த மற்றொரு செய்தி, கணக்குப் பாடத்தில் மாணவர்களுக்கு நாம் சொல்லிக் காட்டத் தகுந்தது. மட்டை கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து காற்றில் தாவிப் பாயும் போட்டியில், நார்வேயின் தோர்லைஃப் ஹவுக் என்பவருக்கு மூன்றாம் இடமும், அமெரிக்காவுக்காக ஆடிய ஆண்டர்ஸ் ஹாகன் என்பவருக்கு நான்காம் இடமும் என்று அறிவித்தார்கள். வெண்கலப் பதக்கம் ஹவுக்குக்குப் போயிற்று. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் யாரோ பழைய மதிப்பெண் தாளை எடுத்து மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். கணக்கு தப்பு! மூன்றாம் இடம் ஹாகனுக்கே உரியது. 1974இல் எண்பது வயதைக் கடந்த அந்தக் கிழவரை நார்வேக்கு அழைத்துப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யார் தெரியுமா? எப்போதோ காலமாகிவிட்ட ஹவுக்கின் மகள். தன் தகப்பனாரின் பதக்கத்தைத் தானே கொண்டுவந்து, உரியவரின் கையில் ஒப்படைத்தார்.

இரண்டாவது விழா 1928இல் சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸில் நடந்தது. அங்கே நம் ஊர் வெயிலுக்கு உறவுக்காரனான ஒரு வெப்பக் காற்று வீசி, பனியை உருக்கிவிட்டது. பத்தாயிரம் மீட்டர் பனித்தள ஓட்டத்தைப் பாதியில் கைவிட நேர்ந்தது. பனி நாட்டிலேயே பனி ஏமாற்றும் என்று அப்போதே தெரிந்துபோயிற்று. 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் விழாக்களை உலகப் போர் விழுங்கியது. 1964இல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் மறுபடியும் பனி பெய்யவில்லை. அந்நாட்டு இராணுவத்தார் உயர்ந்த மலைகளுக்குச் சென்று, 20,000 பனிப்பாளங்களை வெட்டி எடுத்துப் பந்தயப் பாதைக்குக் கொண்டுவந்து அடுக்கினார்கள். சரிவுகளில் கொட்டுவதற்காகப் பனியையும் பெருமளவில் சுமந்து வந்தார்கள். சுமை தூக்கிப் பழகியவர்களுக்கு அந்தப் பாடு என்னவென்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஆசிய நாடுகளில் ஜப்பான் முந்திக்கொண்டது. 1956இல் சிஹாரு இகயா என்பவர் மலைச்சரிவுச் சறுக்கில் வெள்ளி வென்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆசியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. 1972இல் விழாவே ஜப்பானின் சப்போரோ நகருக்கு வந்தது. ஆனால் ஜப்பானில் பனி பெய்யும். பனியே இல்லாதவர்கள் எப்படி உள்ளே நுழைந்தார்கள்?

சிலர் விளையாட்டாகவே நுழைந்தார்கள் என்று சொல்ல வேண்டும். கரும்பும் வாழையும் விளையும் ஜமைக்காத் தீவில், சரிவான சாலைகளில் தள்ளுவண்டிப் பந்தயம் விடுவது வழக்கம். அதைப் பார்த்த சிலருக்கு, இவர்களைப் பனிவண்டியில் ஏற்றினால் என்ன என்று தோன்றியது. நால்வர் ஏறித் தள்ளிக் குதித்து அமரும் பனிவண்டிப் போட்டிக்கு, 1988இல் கனடாவின் கால்கரி நகரத்துக்கு ஜமைக்காக் குழு சென்றது. மூன்றாவது ஓட்டத்தில் வண்டி கவிழ்ந்தது. தலை உராய உராய இழுத்துச் சென்றது. பார்த்தவர்கள் பதறினார்கள். நால்வரும் எழுந்தார்கள். வண்டியின் பக்கத்திலேயே நடந்து எல்லைக்கோட்டைக் கடந்தார்கள். இந்தக் கதையைத் திரைப்படமாக்கிச் சிரிக்கச் சிரிக்கக் காட்டினார்கள். ஆனால் 1994இல் நார்வேயில் அதே நாட்டின் குழு 14ஆவது இடம் பிடித்தது என்பதையும், அமெரிக்கா அதற்குப் பின்னால் நின்றது என்பதையும் பலர் சொல்வதில்லை.

1998இல் ஜப்பானின் நகானோவுக்குக் கென்யாவிலிருந்து பிலிப் போயிட் வந்தார். பத்துக் கிலோமீட்டர் பனிச்சறுக்கில் எல்லாருக்கும் கடைசியாக வந்தார். அந்தப் பந்தயத்தின் தங்க வீரர், நார்வேயின் பியோர்ன் டேலி, பரிசு மேடைக்குப் போகாமல் எல்லைக்கோட்டிலேயே காத்திருந்து அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார். பின்னாளில் போயிட் தம் மகனுக்கு டேலி என்று பெயர் வைத்தார்.

நம் அண்டை நாடான தாய்லாந்திலிருந்து 2002இல் சென்றவர் நம்மைப் போன்ற ஆசிரியர். பிரவாத் நாகவஜரா, அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கற்பித்தவர். வயது நாற்பத்து மூன்று. முப்பது கிலோமீட்டர் பந்தயத்தில் முன்னால் சென்றவர்கள் ஒரு சுற்று முந்திவிட்டதால் அவரை நிறுத்திவிட்டார்கள். அவர் நான்காண்டு பொறுத்து, 2006இல் மறுபடியும் வந்து பந்தயத்தை ஓடி முடித்தார். நாற்பதைக் கடந்த நமக்கெல்லாம் மாடிப்படி ஏறுவதே சிரமம் என்பதை இங்கே சொல்லிவைக்கிறோம்.

இந்தியாவுக்கு இமயமலை இருக்கிறது. ஆனால் மலையும் பனியும் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அந்த நாடே சான்று. மணாலிக்கு அருகே வசிஷ்ட் என்னும் மலைக்கிராமம். அங்கே வளர்ந்தவர் சிவா கேசவன். தந்தை கேரளத்துத் தலசேரியைச் சேர்ந்தவர், தாய் இத்தாலி நாட்டவர். ஆஸ்திரியப் பயிற்சியாளர் ஒருவர் இந்தியாவுக்கு வந்து, சக்கரம் பூட்டிய சிறு வண்டிகளில் பள்ளி மாணவர்களை ஓடவிட்டுச் சோதித்தபோது சிவா தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அந்த விளையாட்டின் பெயர் லூஜ். ஒரு பலகை அளவே உள்ள வண்டியில் மல்லாந்து படுத்து, கால் முன்னே நீட்டி, ஐஸ் பாதையில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். வேகம் மணிக்கு 130 கிலோமீட்டர் அளவுக்குப் போகும். தடுப்புக் கட்டை எதுவும் கிடையாது. இந்தியாவில் அதற்கான பாதை ஒன்றுகூட இல்லை. ஆகவே சிவா தம் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலையின் தார்ச்சாலையில் இறங்கிப் பழகினார். எதிரே லாரி வரும், வளைவில் ஆட்டு மந்தை நிற்கும். அவற்றுக்கு இடையே புகுந்து போவதுதான் பயிற்சி.

1998இல், பதினாறு வயதில், இரவல் வண்டியோடு நகானோவில் இறங்கினார். அந்த விழாவில் இந்தியாவின் சார்பில் வந்தவர் அவர் ஒருவரே. 28ஆவது இடம் பெற்றார். அதன்பின் 2018 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்குகள்! 2011இல் ஆசியக் கோப்பையில் தங்கமும் வென்றார். அவர் பட்ட துன்பங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தேர்தல் தகராறு காரணமாக, அனைத்துலக ஒலிம்பிக் குழு 2012இல் இந்தியாவைத் தள்ளிவைத்தது. ஆகவே 2014இல் ரஷ்யாவின் சோச்சியில் சிவா தம் நாட்டுக் கொடி இல்லாமல், ஒலிம்பிக் கொடியின் கீழ் ஆட வேண்டியதாயிற்று. அவருடைய போட்டி பிப்ரவரி 9ஆம் நாள் முடிந்தது. பிப்ரவரி 11ஆம் நாள் தடையை நீக்கினார்கள். இரண்டே நாள்! நாற்காலிக்குச் சண்டையிட்டவர்கள் வேறு, கொடியை இழந்தவர் வேறு.

இனி, மலையும் இல்லை, பனியும் இல்லை என்னும் நம் நாட்டுக்கு வருவோம். நம்மால் முடிந்தது ஐஸ் தளம் செய்வது ஒன்றே. அதற்கும் ஒரு கதை உண்டு. எந்திரம் வருமுன், வெயில் நாட்டுக்கு ஐஸ் கப்பலில் வந்தது. அமெரிக்காவில் பிரடெரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை அறுத்து, பாளம் பாளமாக எடுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842இல் அதற்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. ஐஸ் ஹவுஸ் என்று பெயர். 1897இல் சுவாமி விவேகானந்தர் வந்து தங்கியது அந்தக் கட்டடத்தில்தான். நம் முன்னோர் பலர் கப்பலேறிய அந்தப் பக்கத்துத் துறைகளில் ஐஸும் கப்பலில் வந்து இறங்கியது என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. பிறகு ஐஸ் செய்யும் எந்திரம் வந்தது, கப்பல் வாணிகம் படுத்தது.

ஐஸ் தொழிற்சாலையில் நடப்பதும் ஐஸ் தளத்தில் நடப்பதும் ஒன்றுதான். சாதாரணத் தண்ணீர் பூச்சியம் பாகையில் உறையும். உப்பு நிறையக் கரைத்த தண்ணீர் அதற்கும் கீழே சென்றாலும் உறையாமல் ஓடும். அந்த உப்புநீரை எந்திரத்தால் கடுமையாகக் குளிர்வித்து, அதில் நல்ல தண்ணீர் நிரம்பிய தகரப் பெட்டிகளை இறக்கிவைத்தால், பெட்டிக்குள் இருப்பது உறைந்து ஐஸ் கட்டியாகிறது. தளத்தில் பெட்டிக்குப் பதிலாகச் சிமெண்டுத் தரை. தரைக்குள் வரிசை வரிசையாகக் குழாய்கள் புதைத்திருப்பார்கள். உறையாத குளிர்நீர் அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். தரையின்மேல் தண்ணீரை மெல்லிய ஏடு ஏடாகத் தெளித்து உறையவைப்பார்கள். இரண்டு மூன்று விரற்கடை கனம் போதும். லண்டனில் 1876லேயே இப்படி ஒரு தளம் அமைத்துவிட்டார்கள்.

நம் நாட்டில், சிலாங்கூரில், முன்பு ஈயம் தோண்டிய நிலத்தில் எழுந்த பண்டார் சன்வேயில், பேரங்காடி ஒன்றுக்குள்ளே 1997இல் அத்தகைய தளம் திறந்தது. வெளியே வெயில் கொளுத்தும், உள்ளே பிள்ளைகள் கம்பளிச் சட்டையோடு சறுக்குவார்கள். அதே 1997இல் பிறந்த ஜூலியன் யீ என்ற பிள்ளை, நான்கு வயதில் அந்தத் தளத்தில் கால் வைத்தான். கடைக்கு வந்தவர்கள் பொழுதுபோக்க வந்து விழுந்து எழும் இடத்தில்தான் அவன் தாவவும் சுழலவும் கற்றான். பிறகு கனடாவுக்குச் சென்று பயிற்சி பெற்றான். 2017இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் முதன்முறையாகப் பனி விளையாட்டுகள் சேர்க்கப்பட்டன. ஜூலியன் அதில் தங்கம் வென்றார். இனி அவரை 'அவர்' என்றே சொல்ல வேண்டும்! அடுத்த மாதம் ஜெர்மனியில் நடந்த தகுதிப் போட்டியில் ஆறாம் இடம் பெற்று, ஒலிம்பிக்குக்குச் சீட்டு வாங்கினார்.

2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் மலேசியக் கொடியை ஏந்தி அவர் முன்னே நடந்தார். குளிர்கால ஒலிம்பிக்கில் நம் கொடி பறந்தது அதுவே முதல் முறை. உடன் சென்றவர் ஜெஃப்ரி வெப், அமெரிக்காவில் வளர்ந்த மலைச்சரிவுச் சறுக்கு வீரர். அதே விழாவில்தான் சிங்கப்பூரும் முதன்முதலாக நுழைந்தது. சிவா கேசவனுக்கு அது கடைசி ஒலிம்பிக்.

பனித்தள நடனத்தில் முதலில் ஒரு குறும் ஆட்டம். முப்பது பேர் ஆட, அவர்களில் முதல் 24 பேருக்கே அடுத்த நீண்ட ஆட்டத்துக்கு இடம். ஜூலியன் 25ஆவது ஆனார். ஒரே ஓர் இடம். நான்கு வயது முதல் உழைத்த உழைப்பு அந்த ஓர் இடத்தில் நின்றுபோயிற்று. பத்திரிகைகளில் ஒரு மூலையில் செய்தி வந்தது. பதக்கம் இல்லையென்றால் நாம் யாரையும் நெடுநேரம் நினைப்பதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுவோம். இது ஏழை வீட்டுப் பிள்ளை எளிதில் எட்டக்கூடிய விளையாட்டு அன்று. செப்பாக் தக்ராவுக்கு ஒரு பந்தும் ஒரு வாசலும் போதும். இங்கே காலணி, அலகு, பயிற்சியாளர், தளத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம், அதன்பின் வெளிநாடு என்று செலவு நீண்டுகொண்டே போகிறது. பால் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ வரும் வருமானத்தில் அதற்கு வழியில்லை. நீபோங் திபாலிலோ சுங்கை பாக்காப்பிலோ உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை சனிக்கிழமை காலையில் ஐஸ் தளத்துக்குப் போய் வருவதென்றால், பேருந்துச் செலவே யோசிக்கவைக்கும். வெயில் நாட்டார் பனிக்குள் நுழைந்தார்கள் என்பது உண்மை. கையில் காசுள்ள வெயில் நாட்டார் முதலில் நுழைந்தார்கள் என்பதும் உண்மை. சக்கரம் மாட்டித் தார்ச்சாலையில் பழகிய சிவா போன்றவர் அரிது. ஆனாலும் அவர் இருந்தார்.

2022இல் சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் நடந்த விழாவுக்கு மலேசியாவிலிருந்து இருவர் சென்றனர். ஒருவர் அதே ஜெஃப்ரி வெப், மற்றவர் அருவின் சாலெஹுதீன். குளிர்கால ஒலிம்பிக்கில் ஆடிய முதல் மலேசியப் பெண் அவரே. வயது பதினேழு. அந்த மலைச்சரிவுகளில் இயற்கைப் பனி அரிதாகவே பெய்யும். ஆகவே ஏறக்குறைய முழுவதும் எந்திரத்தால் செய்த பனியைக் கொண்டே விழா நடந்தது. பெரிய விசிறிகள் தண்ணீரைத் துளித்துளியாகக் குளிர்காற்றில் வீசி, உறையவைத்து, மலையில் நிரப்பின. காய்ந்த பழுப்பு மலைக்கு நடுவே சுண்ணாம்பு அடித்ததுபோல் ஒரு வெள்ளைக் கோடு. உலகம் சூடாகி வருவதால் ஐரோப்பிய மலைகளிலும் இந்த எந்திரங்கள் பெருகிவிட்டன. அருவின் சறுக்கியது அந்தச் செய்பனியில்தான். அவருடன் போட்டியிட்ட ஆஸ்திரியர், சுவிட்சர்லாந்துக்காரர் எல்லாரும் சறுக்கியதும் அதில்தான்.